சதகா போதாது, ஹக்கு வேண்டும்

விடியற்காலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும் வேளையில் கம்பத்துத் தெருக்களில் ஓர் ஓசை கேட்கும். மலைக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்புகளின் ஓசை அது. கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாய்கையில் திரும்பும் அந்த வண்டிகளை, இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர் எவரும் வியந்து பார்ப்பதில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் மலைக்கூலியும் நம் ஊருக்குச் சோறு போட்ட இரண்டு கைகள். ஆனால் 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அந்த ஜீப்புகளை நான் நின்று பார்க்க நேர்ந்தது. தூக்குவாளியும் தலைத்துண்டுமாக நெருங்கி உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு நடுவே, மீசை அரும்பாத முகங்கள் இருந்தன. இரண்டாண்டுகளுக்கு முன் அதே நேரத்தில் கிதாபைத் தூக்கிக்கொண்டு மதரஸாவுக்கு ஓடிய முகங்கள் அவை.

அவற்றுள் ஒன்று எனக்குத் தெரிந்த முகம். அவனுடைய அத்தா 2021 மே மாதத்தில் வீட்டிலேயே மூச்சுத் திணறி மௌத்தானார். மருத்துவமனையில் படுக்கை கிடைக்கவில்லை. சோதனை செய்து பார்க்கவும் அவகாசம் இல்லை. ஆகவே அவர் எந்த நோயால் இறந்தார் என்பதற்குக் காகிதம் இல்லாமற் போயிற்று. தாயார் இத்தாவில் இருந்தமையால் மனு எழுதிக்கொண்டு அலைந்தவன் நான். ஓர் அலுவலகத்தில், "நோயின் பெயர் எழுதிய சான்று எங்கே?" என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், "திட்டத்தின் விதிக்குள் இது வரவில்லை" என்றார்கள். மூன்றாவது அலுவலகம் எது என்று எங்களுக்குச் சொல்வார் இல்லை. மகன் அந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் தேறியிருந்தான். தேர்வே நடவாமல், மதிப்பெண்ணே இல்லாமல், மாநிலம் முழுவதும் எல்லாரும் தேறிய ஆண்டு அது. அந்தச் சான்றிதழை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு அவன் ஏலக்காய் ஸ்டோருக்குப் போனான். இன்று அவனுக்கு இருபது வயது கடந்துவிட்டது. பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை.

அவனுக்காக அனுதாபம் தேட இதை எழுதவில்லை. அனுதாபம் அவனுக்கு வேண்டிய அளவு கிடைத்தது. கிடைக்காதது வேறொன்று, அது எது என்பதைப் பற்றியே இக்கட்டுரை. கொள்ளைநோய்க்குப் பின் நம் இளையோரைத் தூக்கிவிட அரசுகள் பல திட்டங்களைத் தந்தன. அவர்களுடைய மீட்சிக்கென்று ஒரு சட்டத்தைத் தரவில்லை. திட்டத்திற்கும் சட்டத்திற்கும் என்ன வேறுபாடு, எதில் வந்தால் என்ன, பசித்தவனுக்குச் சோறுதானே முக்கியம் என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இனி ஓரடி நகர முடியாது.

தந்ததை மறுக்கவில்லை

முதலில் நியாயம் பேசுவோம். தந்ததைத் தரவில்லை என்று சொல்வது நமக்கு அழகன்று.

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளுக்குத் தமிழகத்தில் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் நாள். ஏறத்தாழ 19 மாதங்கள். அந்த இடைவெளியை நிரப்ப, பள்ளி திறப்பதற்குச் சில நாள் முன்னதாக, 2021 அக்டோபர் 27 அன்று 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன்னார்வலர்கள் பாடம் சொன்னார்கள். வீட்டுத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துக் கூட்டக் கற்பித்த அந்தப் பெண்களை எண்ணினால் இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

பெற்றோர் இருவரையும் நோய்க்குப் பறிகொடுத்த பிள்ளையின் பெயரில் 5 இலட்சம் ரூபாய் வைப்பீடு. ஒருவரை இழந்த குடும்பத்திற்கு 3 இலட்சம். உறவினர் பாதுகாப்பில் வளரும் பிள்ளைக்கு 18 வயது வரை மாதம் 3,000. பட்டப்படிப்பு வரையில் செலவு அரசுடையது. இவற்றை 2021 மே மாத இறுதியில் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். அதே நாளில், மே 29இல், ஒன்றிய அரசும் பி.எம். கேர்ஸ் நிதியிலிருந்து பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு 23 வயதில் 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும் திட்டத்தை அறிவித்தது. பின்னர் 2022இல் 'நான் முதல்வன்', 'புதுமைப் பெண்', 2024இல் 'தமிழ்ப் புதல்வன்' என்று கல்லூரிப் பருவத்தினருக்கும் திட்டங்கள் வந்தன.

இவற்றால் பயனடைந்தவர்கள் ஆயிரக்கணக்கில், இலட்சக்கணக்கில் உண்டு. அவர்கள் சார்பில் நன்றி சொல்லத் தயங்கவேண்டியதில்லை. நன்றி சொன்ன பிறகு கணக்குக் கேட்கவும் தயங்கவேண்டியதில்லை.

கணக்கு இது. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 சனவரியில் உச்சநீதிமன்றத்தின்முன் ஓர் எண்ணிக்கையை வைத்தது. 2020 ஏப்ரல் முதல் அதுவரை, நோயாலோ வேறு காரணத்தாலோ, இருபெற்றோரையும் இழந்த பிள்ளைகள் 10,094 பேர். ஒருவரை இழந்தவர்கள் 1,36,910 பேர். கைவிடப்பட்டவர்கள் 488 பேர். இப்போது பி.எம். கேர்ஸ் திட்டத்தின் விதியைப் படியுங்கள். இருவரையும் இழந்தவர்க்கும், எஞ்சியிருந்த ஒருவரையோ சட்டப்படியான பாதுகாவலரையோ இழந்தவர்க்கும்தான் அது. அதுவும் நோயால் இழந்திருந்தால்தான். அப்படியானால் தந்தையை மட்டும் இழந்து, தாயின் கூலியில் நிற்கின்ற அந்த ஒரு இலட்சத்து முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் பேர்? ஒன்றிய அரசின் அந்தக் கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. மாநில அரசின் கதவு திறந்தது. ஆனால் நோயின் பெயர் எழுதிய காகிதத்தைக் கேட்டது. என் தெருப் பையன் இரண்டு கதவுகளுக்கும் நடுவில் விழுந்தான்.

விருப்பமும் கடமையும்

நம் வாசகர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க நீண்ட தூரம் போகவேண்டியதில்லை. சதகாவையும் ஜகாத்தையும் அறிந்தவர்கள் நாம்.

சதகா உள்ளத்தின் ஈரத்திலிருந்து வருவது. இன்று கொடுக்கலாம், நாளை கொடுக்காமலிருக்கலாம். இவருக்குக் கொடுத்து அவருக்குக் கொடுக்காமலிருக்கலாம். வாங்குபவர் கேள்வி கேட்க முடியாது. ஜகாத் அப்படியன்று. அதற்கு அளவுண்டு, காலமுண்டு, பெறுவோர் யாவர் என்ற வரையறையுண்டு. செல்வனின் பெட்டியில் இருந்தாலும் அந்தப் பங்கு அவனுடையதன்று. அது ஏழையின் ஹக்கு. கொடுப்பவன் கை மேலே, வாங்குபவன் கை கீழே என்ற நிலையை மாற்றி, வாங்குபவனை உரிமையாளனாக நிமிர்த்தி வைத்தது அந்தக் கடமை. சதகாவின் சிறப்பை எவரும் குறைத்துச் சொல்லார். ஆயினும் ஒரு சமுதாயத்தின் வறுமையைச் சதகாவை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது என்பதனால் அன்றோ ஜகாத் கடமையாயிற்று?

அரசின் திட்டம் சதகா. அரசின் சட்டம் ஜகாத். திட்டத்தை ஓர் ஆணையில் தொடங்கலாம். ஒரு சுற்றறிக்கையில் சுருக்கலாம். அடுத்த நிதிநிலை அறிக்கையில் மறந்தும் விடலாம். சட்டத்தை மாற்ற வேண்டுமானால் மன்றத்தில் எழுந்து நின்று காரணம் சொல்லவேண்டும்.

இது வெறும் உவமை என்று எண்ணுவோர்க்கு நம் வீட்டிலேயே சான்று இருக்கிறது. சிறுபான்மைப் பிள்ளைகளுக்கான பள்ளிப்படிப்பு உதவித்தொகையை மறந்திருக்க மாட்டீர்கள். 2008இல் தொடங்கியது. ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை. தொகை பெரிதன்று, சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் என்ற அளவுதான். ஆனால் ஒரு ஜோடிச் செருப்பும் நோட்டுப் புத்தகமும் ஒரு குடையும் அதில் வாங்கிய தாய்மார்கள் நம் தெருக்களில் உண்டு. 2022 நவம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. இனி ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மட்டுமே. எட்டு வரைதான் கல்வியுரிமைச் சட்டம் இலவசக் கல்வி தருகிறதே என்றார்கள். அடுத்த மாதமே மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகையும் நிறுத்தப்படுவதாக மக்களவையில் சொல்லப்பட்டது. பள்ளிகள் திறந்து ஓராண்டே ஆன வேளை அது. பிள்ளைகளைக் கைப்பிடித்து மீண்டும் வகுப்பில் உட்கார வைக்கவேண்டிய வேளை. அந்த வேளையில் ஒரு காகிதத்தில் அது நின்றது. எந்த மன்றத்திலும் வாக்கெடுக்கவில்லை. எந்தத் தாயையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை; ஏனெனில் அது திட்டம்.

மறுபக்கத்தையும் பாருங்கள். நோயால் இறந்தோர் குடும்பத்திற்குக் கருணைத்தொகை வழங்க முடியாது என்று ஒன்றிய அரசு உச்சநீதிமன்றத்தில் வாதிட்டது. 2021 சூன் 30இல் தீர்ப்பு வந்தது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் தேசிய ஆணையம் நிவாரணத்தின் குறைந்த அளவை வகுத்துத் தர 'வேண்டும்' என்றிருக்கிறது, 'தரலாம்' என்றில்லை, ஆகவே தட்டிக்கழிக்க இயலாது என்றார்கள் நீதிபதிகள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இந்நாட்டின் கைம்பெண்களும் எத்தீம்களும் 50,000 ரூபாய் பெற்றார்கள். அக்டோபர் மாதத்து உத்தரவில், இறப்புச் சான்றில் நோயின் பெயர் இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்கக் கூடாது என்றும் நீதிமன்றம் சொன்னது. முறையிட மாவட்டந்தோறும் குழுவும் ஏற்பட்டது. அதுதான் நாங்கள் தேடிய மூன்றாவது அலுவலகம். அந்தச் செய்தி எங்கள் தெருவை எட்டும்போது பையன் மலையில் இருந்தான்.

இன்னும் இரண்டு சான்று போதும். பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பாடம் நின்றது. ஆனால் சத்துணவுக்குரிய அரிசியும் பருப்பும் பிள்ளைகளின் வீட்டுக்கு வந்தன. ஏன்? 1982இல் எம்.ஜி.ஆர். திட்டமாகத் தொடங்கிய சத்துணவு, 2001இல் உச்சநீதிமன்ற ஆணையாலும் 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தாலும் நாடு முழுவதும் பிள்ளைகளின் உரிமையாகிவிட்டிருந்தது. 2020இல் ஊர் திரும்பிய தொழிலாளர் வேலை கேட்டு நின்றபோது, நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியிருந்த 61,500 கோடி ரூபாயோடு மேலும் 40,000 கோடியை ஒன்றிய அரசு சேர்த்தது. ஏன்? கேட்டவனுக்கு வேலை தரவேண்டும் என்பது அன்று சட்டமாக இருந்தது. வயிற்றுக்குச் சட்டம் இருந்தது, சோறு வந்தது. உழைப்புக்குச் சட்டம் இருந்தது, வேலை வந்தது. படிப்பு நின்ற பிள்ளைக்குச் சட்டம் இல்லை, அறிவிப்பு வந்தது.

பதினான்கில் கைவிடும் சட்டம்

"கல்விக்குத்தான் சட்டம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம். அதன் நான்காம் பிரிவு, படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவும், பிறரோடு சமமாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சி தரவும் உரிமை வழங்குகிறது. அருமையான பிரிவு. ஆனால் சட்டத்தின் கை ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரைதான் நீளும். மேலும், அரசே ஆணையிட்டுப் பத்தொன்பது மாதங்கள் பள்ளியை மூடினால் இழந்த பாடத்தை எப்படி, எத்தனை மாதத்திற்குள், எவர் பொறுப்பில் மீட்டுத்தருவது என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

விளைவு என்ன? தமிழகத்தின் ஊரகப் பகுதிகளில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் 2018இல் நூற்றுக்குப் பத்துப்பேர் என்று 'அசர்' ஆய்வு கூறியது. 2022இல் அது ஐந்துக்கும் கீழே இறங்கிற்று. ஏற்கெனவே வெட்கப்படத்தக்க எண் பாதியாகக் குறைந்தது. அந்தப் பிள்ளைகள் இப்போது மேல்வகுப்புகளில் இருக்கிறார்கள். ஆண்டுதோறும் வகுப்பு ஏறியது. வாசிப்பு ஏறியதா என்று சட்டப்படி கேட்கவேண்டியவர் எவரும் இல்லை.

பதினான்கைத் தாண்டியவனின் நிலை இன்னும் கொடிது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைப்பதைத் தடுக்கிறது. குடும்பத் தொழிலுக்குப் பள்ளி நேரம் போக விலக்களிக்கிறது. பதினான்கு முதல் பதினெட்டு வரை? சுரங்கம், வெடிமருந்து போன்ற அபாயத் தொழில்களை மட்டும் தடுக்கிறது. மற்றவற்றிற்குப் போகலாம். ஆக, இரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் அவை ஒருமித்து என்ன சொல்லுகின்றன? பதினைந்து வயதுப் பையனே, உனக்குக் கல்வி உரிமையில்லை. கூலிக்குத் தடையுமில்லை என்று சொல்லுகின்றன. அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணம் கிடையாது, சைக்கிளும் தருகிறார்கள் என்பது உண்மை. வந்தவனுக்குத் தருகிறார்கள். வராதவனைத் தேடிப்போக வேண்டும் என்று சட்டம் எவரையும் கட்டவில்லை.

திட்டங்களும் இதே பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கின்றன. இல்லம் தேடிக் கல்வி எட்டாம் வகுப்போடு நின்றது. புதுமைப் பெண் உயர்கல்வியில் சேர்ந்த பிறகு தொடங்கியது. நடுவில் கிடக்கும் நான்கு ஆண்டுகள்தாம் மலைக்குப் போகும் ஜீப்பின் ஆண்டுகள். அந்த ஆண்டுகள்தாம் பெண்பிள்ளைக்கு வரன் பார்க்கும் ஆண்டுகளும்.

பெண்பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லவேண்டும். கொள்ளைநோய் அடங்கும் முன்னரே, 2021 டிசம்பர் 21இல், பெண்ணின் திருமண வயதை 21ஆக உயர்த்தும் மசோதா மக்களவையில் வைக்கப்பட்டது. நிலைக்குழுவுக்குப் போய், 2024இல் அவை கலைந்தபோது காலாவதியாயிற்று. அம்மசோதா சரியா தவறா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. நான் கேட்பது வேறு. பெண்ணின் வயதை உயர்த்தச் சட்டம் தீட்ட நேரமிருந்தவர்களுக்கு, அவள் பதினெட்டு வயது வரை பள்ளியில் இருக்க உரிமை தரும் சட்டம் தீட்ட நேரமில்லாமல் போனது ஏன்? பள்ளியில் இருக்கிற பெண்ணுக்கு எவரும் அவசரமாகக் கல்யாணம் பேசுவதில்லை. பள்ளியை விட்டு நின்றவளுக்குத்தான் மறுமாதமே வரன் வருகிறது.

சட்டம் வெறும் காகிதமா?

"சட்டம் இருந்தால் மட்டும் நடந்துவிடுமா? குழந்தைத் திருமணத்திற்குச் சட்டமில்லையா? நடக்கவில்லையா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. சட்டம் தானாக நடக்காது. ஆனால் நடக்காதபோது பிடித்து உலுக்க ஒரு பிடி கொடுக்கும். திட்டம் நடக்காதபோது "நிதி இல்லை" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. சட்டம் நடக்காதபோது நீதிமன்றத்தின் படி இருக்கிறது. அந்த 50,000 ரூபாய்த் தீர்ப்பே சாட்சி.

"சட்டம் செய்ய மாநிலத்திற்கு அதிகாரமில்லை" என்பார் சிலர். கல்வி 1976ஆம் ஆண்டின் திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குப் போனது. போனதால் மாநிலத்தின் தனியுரிமை போயிற்றே தவிர, அதிகாரமே போய்விடவில்லை. அதற்கும் சான்று கொள்ளைநோயாண்டிலேயே இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டத்தை 2020 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றம் இயற்றியது. ஆளுநரின் ஒப்புதல் தாமதித்தபோது ஊரே கேள்வி கேட்டது. அக்டோபர் இறுதியில் ஒப்புதல் வந்தது. 2022இல் உயர்நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. ஊரடங்கின் நடுவில், முகமூடி அணிந்துகொண்டு, ஒரு சட்டமன்றம் தன் ஏழைப் பிள்ளைகளுக்காகச் சட்டம் செய்ய முடிந்ததென்றால், ஊரடங்கு முடிந்து இத்தனை ஆண்டுகளில் மீட்சிக்கென ஒரு சட்டம் செய்ய முடியாமற் போனதற்கு அதிகாரமின்மை காரணமாகாது, மனமின்மையே காரணம்.

நமக்கே உரிய சான்றும் உண்டு. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2007இல் சட்டமாயிற்று. அதற்கு முன் மேடைதோறும் வாக்குறுதியாகத்தான் இருந்தது. சட்டமான பிறகு நம் வீட்டுப் பிள்ளைகள் எவரிடமும் கைகட்டி நிற்காமல் கலந்தாய்வில் இடம் கேட்கிறார்கள். உதவித்தொகை ஒரு காகிதத்தில் போயிற்று; ஒதுக்கீடு நிற்கிறது. இரண்டையும் கண்ட சமுதாயம் பாடம் கற்கவேண்டாமா?

உலகத்தைச் சற்றே பார்ப்போம். இரண்டாம் உலகப்போர் முடியுமுன்னரே, 1944இல், பிரிட்டன் கல்விச் சட்டம் இயற்றி இடைநிலைக் கல்வியை இலவசமாக்கியது. பள்ளியில் இருக்கவேண்டிய வயதை 15ஆக உயர்த்த வழிசெய்தது. அதே ஆண்டில் அமெரிக்கா, போர்முனையிலிருந்து திரும்பும் இளைஞர் கல்லூரியில் படிக்கச் செலவேற்கும் சட்டத்தை இயற்றியது. கொள்ளைநோயின்போதும் அந்நாடு 2021 மார்ச் 11இல் கையெழுத்தான மீட்புச் சட்டத்தில் பள்ளிகளுக்கென ஏறத்தாழ 12,200 கோடி டாலர் ஒதுக்கி, உள்ளூர்ப் பள்ளி நிர்வாகங்களுக்குப் போகும் பங்கில் ஐந்திலொரு பகுதியையாவது இழந்த படிப்பை மீட்கவே செலவிட வேண்டும் என்று எழுதிவைத்தது. அந்நாடுகளின் செல்வம் நமக்கில்லை. ஆனால் 'வேண்டும்' என்ற சொல்லை எழுத டாலர் தேவையில்லை.

என்ன கேட்கிறோம்?

குறை சொல்லிவிட்டு எழுந்துபோவது எளிது. ஆகவே கேட்பதைத் தெளிவாகக் கேட்போம்.

ஒன்று. கல்வியுரிமையைப் பதினான்கிலிருந்து பதினெட்டு வயதுக்கு நீட்ட வேண்டும். நாடாளுமன்றம் செய்யட்டும், தயங்கினால் தமிழகம் தன் எல்லைக்குள் செய்து வழிகாட்டட்டும்.

இரண்டு. நோயாலோ வெள்ளத்தாலோ அரசு பள்ளிகளை நெடுநாள் மூடினால், இழந்த பாடத்தை ஈடுசெய்யும் கற்பித்தல் கட்டாயமாக வேண்டும். எத்தனை பிள்ளைகள் திரும்பினர், எத்தனை பேர் திரும்பவில்லை என்ற கணக்கு ஊராட்சி, நகராட்சி வாரியாகச் சட்டமன்றத்தின் மேசைக்கு வர வேண்டும்.

மூன்று. சம்பாதிக்கும் பெற்றோரை இழந்த பிள்ளைக்கு, மரணத்தின் காரணம் எதுவாயினும், படிப்பு முடியும் வரை மாதந்தோறும் உதவி உரிமையாக வேண்டும். அத்தா நோயில் போனாலும், மலைச்சாலையில் ஜீப் கவிழ்ந்து போனாலும் பிள்ளையின் பசி ஒன்றுதான். பிணத்தின்மேல் நோயின் பெயரைத் தேடும் விதி ஒழிய வேண்டும்.

நான்கு. படிப்பை விட்டு வேலைக்குப் போனவன் இருபத்தொன்றிலோ இருபத்திரண்டிலோ திரும்பி வர நினைத்தால், அவனுக்கு மாலைப் பள்ளியும் தேர்வும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். அந்தத் தலைமுறையைத் தேறிவிட்டதாக எழுதி அனுப்பியவர்கள் நாம். அவர்கள் உண்மையில் தேறும்வரை பொறுப்பு நம்முடையது.

நம் வீட்டு வாசலிலும் ஒரு கேள்வி

அரசைக் கேட்ட நாவால் நம்மையும் கேட்டாக வேண்டும். இல்லையேல் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

ஊரடங்கில் ஐம்பது பேருக்குமேல் கூடக்கூடாது என்றபோது, "செலவு குறையும், முடித்துவிடலாம்" என்று பெண்பிள்ளையின் நிக்காஹை அவசரமாக நடத்தியவர்கள் நம்மிடையே இல்லையா? பையன் கடையில் உட்கார்ந்துவிட்டான், தொழில் பழகிவிட்டான், படித்துத்தான் என்ன ஆகப்போகிறது என்று பெருமூச்சு விட்டு நிம்மதியடைந்தவர்கள் இல்லையா? வருடத்திற்கு ஒருமுறை ஜகாத்தைச் சில்லறையாக்கி வாசலில் வரிசை நிறுத்திக் கொடுப்பவர்கள், அதே தொகையைச் சேர்த்து மஹல்லாவில் நின்றுபோன பத்துப் பிள்ளைகளின் படிப்பை ஏன் எடுக்கவில்லை? அரசின் திட்டத்தைச் சதகா என்று சொன்ன நாம், நம் ஜகாத்தையும் சதகாவைப் போல்தானே வழங்குகிறோம்?

இந்தப் பள்ளத்தாக்கிற்கு முன்மாதிரி வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. அருகே உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரால் ஹவுதிய்யா கல்லூரி 1956 முதல் நிற்கிறது. வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் பட்டம் பெற்றுத் திரும்பும் வாய்ப்பை நம் பிள்ளைகளுக்குத் தந்த முன்னோர், அரசு செய்யட்டும் என்று காத்திருந்தவர்கள் அல்லர். ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் நிக்காஹ் பதிவேட்டிற்குப் பக்கத்தில் இன்னொரு பதிவேடு வைக்கட்டும்: 2020க்குப் பிறகு படிப்பு நின்ற பிள்ளைகளின் பதிவேடு. பதினெட்டு நிறையாத பெண்ணுக்கு நிக்காஹ் எழுதமாட்டோம் என்று தீர்மானம் போடட்டும். அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரின் கதவைத் தட்டட்டும். வெறுங்கையோடு போனால் மனு. பதிவேட்டோடு போனால் வழக்கு.

நம்மவர் செய்வார்கள் என்பதற்காக அரசின் கடமை குறைந்துவிடாது; அரசின் கடமை என்பதற்காக நம் கடமையும் குறைந்துவிடாது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று சாத்திவிட்டுத்தான் இத்தனை ஆண்டுகளைக் கடத்தினோம்.

சென்ற மாதம் அந்த இளைஞனைப் பள்ளிவாசலில் பார்த்தேன். தோள் அகன்றிருந்தது; உள்ளங்கை காய்த்திருந்தது. "பரீட்சை எழுதியிருந்தா எத்தனை மார்க் எடுத்திருப்பேன்னு இப்பவும் நெனப்பேன், பெரியத்தா" என்றான். வேறெதையும் அவன் கேட்கவில்லை. அவனுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு திட்டத்தின் பெயரும் இல்லை. பதில் சொல்ல வேண்டியவர்கள் கோட்டையிலும் தில்லியிலும் இருக்கிறார்கள். கொஞ்சம் பேர் நம் ஜமாஅத் அலுவலகத்திலும் இருக்கிறார்கள்.